கொழும்பு நடக்கிறது, எண்ணத்தான் ஆளில்லை

“கொழும்பில் யார் நடக்கிறார்கள்?” கல்யாண வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும், பத்திரிகைப் பத்தியிலும், நகரத் திட்டம் பேசப்படும் கூட்டத்திலும் இந்தக் கேள்வி ஒரே தொனியில் வருகிறது. கேட்பவர் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. காரணங்களையும் அவரே அடுக்கிவிடுவார். வெயில் கொளுத்துகிறது, புழுக்கம் தாங்காது, மழை வந்தால் கால் வைக்க இடமில்லை, எல்லாரிடமும் ஏதோ ஒரு வாகனம் இருக்கிறது, இல்லாதவர் ஓட்டோ பிடித்துக்கொள்வார். ஆகவே முதலில் வாகன நெரிசலைத் தீர்ப்போம், காசு மிஞ்சினால் நடைபாதையைப் பார்ப்போம். படித்தவர்களும் பதவியில் இருப்பவர்களும் ஐயமின்றி நம்பும் கருத்து இது. இது உண்மையில்லை. நல்ல மனிதர்கள் நல்லெண்ணத்தோடு சொல்வதால் இதன் ஆபத்து கூடுகிறது. வீதிகள் அகலமாவதும், சமிக்ஞை விளக்குகளுக்கு நேரம் குறிப்பதும், வரவுசெலவுத் திட்டம் எழுதுவதும் இந்த நம்பிக்கையின் மேல்தான்.

கிருலப்பனைச் சந்தையடியில் காலை ஆறரைக்கு வந்து நின்று பாருங்கள். மஹரகமப் பக்கத்திலிருந்து புறக்கோட்டை நோக்கி 138 ஆம் இலக்க பஸ்கள் ஹைலெவல் வீதியில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இறங்குகிறவர்களைப் பின்தொடருங்கள். ஒரு பகுதியினர் பேஸ்லைன் வீதிச் சந்தியைக் கடந்து நாரஹேன்பிட்டிப் பக்கம் போவார்கள். அங்கே தொழில் திணைக்களம் இருக்கிறது, வைத்தியசாலைகள் இருக்கின்றன, அவற்றில் வேலைசெய்யும் தாதிமாரும் துப்புரவுப் பெண்களும் காவலாளிகளும் இருக்கிறார்கள். இன்னொரு பகுதியினர் பாமன்கடைப் பக்கம் திரும்புவார்கள். அவர்களில் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் சமைக்கவும் பிள்ளை பார்க்கவும் போகும் பெண்கள் உண்டு, கட்டட வேலைக்குப் போகும் மலையக இளைஞர்கள் உண்டு. கால்வாய்க் கரைத் தோட்டங்களிலிருந்து வெள்ளைச் சீருடை போட்ட பிள்ளைகள் வருவார்கள். தம்பியின் கையை அக்கா பிடித்திருப்பாள். களனிவெளி ரயில் நின்று போனதும் இறங்கியவர்கள் தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்து கலைவார்கள், ஏனென்றால் அந்தப் பகுதியில் வாகனம் இடிக்காத ஒரே நேர்வழி அதுதான்.

இத்தனை பேரையும் பார்த்த பிறகு “யார் நடக்கிறார்கள்?” என்று கேட்க வாய் வராது. பஸ்ஸில் போகிறவர் ஒவ்வொருவரும் ஒரு நாளைக்குக் குறைந்தது நாலு தடவை நடக்கிறார்: வீட்டிலிருந்து பஸ்ஸுக்கு, பஸ்ஸிலிருந்து வேலைக்கு, திரும்பவும் அப்படியே. கொழும்புக்குள் தினமும் வரும் மக்களில் பெரும் பகுதியைச் சுமப்பது பஸ்ஸும் ரயிலும். அப்படியானால் பெரும் பகுதியினர் நடப்பவர்கள். கேள்வி கேட்டவர் காரின் கண்ணாடிக்கு உள்ளே இருந்தார். அவருக்குத் தெரிந்தவர்களும் அப்படியே. அவர் கண்ட கொழும்பில் யாரும் நடக்கவில்லை.

ஆனால் இதைத் தனிமனிதரின் பார்வைக் குறையென்று விட்டுவிட முடியாது. எண்ணும் முறைக்குள்ளேயே நடப்பவர் இல்லை. வீதிப் பொறியியலில் வாகனங்களை ‘பயணிக் கார் அலகு’ என்ற கணக்குக்கு மாற்றுவார்கள். ஒரு கார் ஒரு அலகு. ஒரு பஸ் ஏறக்குறைய இரண்டு, மூன்று அலகு, ஏனென்றால் அது அவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது. அந்த பஸ்ஸுக்குள் அறுபது பேர் நின்றுகொண்டு வருவது கணக்கில் ஏறாது. அது இரண்டு, மூன்று கார் அளவுக்கு வீதியை அடைக்கிறது என்பது மட்டும் ஏறும். நடப்பவருக்கு அலகே கிடையாது. சந்தியில் ஆட்களை வைத்து வாகனங்களை எண்ணுகிறார்கள், வீதி எத்தனை வாகனத்தைத் தாங்கும் என்று கணிக்கிறார்கள், போதாது என்று முடிவு வருகிறது, வீதி அகலமாகிறது. அகலம் எங்கிருந்து வரும்? நடைபாதையிலிருந்துதான் வரும். எண்ணப்படாதவரின் இடத்தை எடுத்து எண்ணப்பட்டவருக்குக் கொடுக்கிறோம். பிறகு நடைபாதை குறுகி, நடக்கக்கூடியவர்களும் ஓட்டோவில் ஏற, “பார்த்தீர்களா, யாரும் நடப்பதில்லை” என்கிறோம்.

2022 ஐ இவ்வளவு விரைவாக எப்படி மறந்தோம் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த ஜூன் 27 அன்று அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர மற்ற எவருக்கும் ஜூலை 10 வரை எரிபொருள் இல்லை என்று அரசாங்கம் அறிவித்தது. அதற்கு முன்பே வாரக்கணக்கில் எரிபொருள் வரிசைகள் ஒழுங்கைகளுக்குள் வளைந்து கிடந்தன. அந்த நாட்களில் கொழும்பு நின்றுபோகவில்லை. வங்கி உத்தியோகத்தர்கள் சப்பாத்தைப் பையில் வைத்துக்கொண்டு செருப்போடு காலி வீதியில் நடந்தார்கள். சைக்கிள் கடைகளில் கூட்டம் நின்றது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரை நடந்துபோய் வேலை பார்த்தவர்களை எனக்குத் தெரியும். இந்த நகரத்தாரால் நடக்க முடியாது, நடக்க மாட்டார்கள் என்ற வாதம் அந்த நாட்களோடு செத்திருக்கவேண்டும். மாறாக, வரிசை கலைந்ததும் அதே வாதம் எழுந்து வந்தது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியில் தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் கதவு திறந்தது. டொலருக்காகத் தவித்த நாடு மீண்டும் டொலரைக் கொடுத்து நெரிசலை இறக்குமதி செய்கிறது. காசு மிஞ்சினால் நடைபாதை என்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கவேண்டும்.

இனி வெயில். இதுதான் அவர்களின் வலிய வாதம். இதை நான் இலேசாக எடுக்கவில்லை. கொழும்பில் பகல் வெப்பம் வருடம் முழுவதும் 30 பாகை செல்சியசைச் சுற்றி நிற்கிறது. காற்றில் ஈரம் அதிகம். பத்து நிமிடம் நடந்தால் சட்டை முதுகில் ஒட்டும். உண்மைதான். ஆனால் சிங்கப்பூர் எங்களைவிடப் பூமத்திய ரேகைக்கு நெருக்கமாக இருக்கிறது, அங்கே வெயிலும் மழையும் எங்களைவிடக் குறைவில்லை. அவர்கள் எடுத்த முடிவு, நடப்பவரின் தலைக்கு மேல் கூரை போடுவது. 2013 முதல் 2018 வரையான ஆறு வருடங்களில் மட்டும் 200 கிலோமீற்றர் கூரையிட்ட நடைபாதை போட்டார்கள். ரயில் நிலையத்திலிருந்து 400 மீற்றர் சுற்றளவுக்குள் இருக்கும் பாடசாலை, வைத்தியசாலை, தொடர்மாடி எல்லாவற்றையும் நனையாமல் நடந்து அடையலாம் என்பது குறிக்கோள். அதற்கு வெகுகாலம் முன்பே, 1822 இல் வகுத்த நகரத் திட்டத்தில், கடைவரிசைகளின் முன்னால் கூரையோடு பொது நடைவழி விடவேண்டும் என்று ராஃபிள்ஸ் விதித்தார்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம் என்றால் கோட்டைக்குப் போங்கள். யோர்க் வீதியில் 1906 இல் எழும்பிய கார்கில்ஸ் கட்டடத்தின் முன் தூண் வரிசைக்குக் கீழ் நடந்து பாருங்கள். வெளியே கொளுத்தும் மதியத்தில் உள்ளே குளிர்ந்த நிழல். அந்தக் கட்டடம் கட்டியவர்கள் எங்கள் வெயிலை அறிந்திருந்தார்கள், வாடிக்கையாளர் நடந்து வருவார் என்பதையும் அறிந்திருந்தார்கள். எங்கள் ஊர்த் திண்ணையும் தாழ்வாரமும் செய்த வேலையை அந்தத் தூண்கள் செய்கின்றன: சொந்த இடத்தில் ஒரு பகுதியைத் தெருவில் போகிறவருக்கு நிழலாகக் கொடுப்பது. இன்று ஹவ்லொக் வீதியிலும் காலி வீதியிலும் எழும்பும் கண்ணாடிக் கோபுரங்களின் முன்னால் நிழல் இல்லை. கண்ணாடியில் பட்ட வெயிலும் திரும்பி நடப்பவர் முகத்தில்தான் அடிக்கிறது. பத்து மாடிக்கு அனுமதி கொடுக்கும்போது முன்பக்கத்தில் இரண்டு மீற்றர் தாழ்வாரம் விடு என்று கேட்பது பெரிய காரியமா? அரசாங்கத்துக்கு அதில் ஒரு ரூபா செலவில்லை.

மரம் நடலாம் என்றால், விழும் என்கிறார்கள். 2023 ஒக்டோபர் 6 அன்று கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸின் மேல் மரம் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள்; அந்தக் காலையின் துயரம் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அதன் பின்னர் நகரத்தின் பழைய மரங்கள் எல்லாமே சந்தேகத்துக்குரியவை என்ற மனநிலை வந்தது பிழை. வேரை வெட்டி வடிகால் போட்டு, அடியைச் சுற்றிக் கொங்கிரீட் ஊற்றி, வருடக்கணக்காக ஒருவரும் வந்து தட்டிப் பார்க்காமல் விட்ட மரம் ஒரு நாள் சாயும். நிழலுக்கும் பராமரிப்பு வேண்டும். பாலம் பழுதானால் பாலமே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

அடுத்தது பாதையோர வியாபாரிகள். நடைபாதையை மறிப்பது அவர்கள்தான், அவர்களை எழுப்பினால் வழி திறக்கும் என்று சொல்கிறார்கள். உள்நாட்டுப் போர் முடிந்தபின் கொழும்பில் இதைச் செய்து பார்த்தார்கள். நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்த காலம் அது. நடைபாதைகளுக்குக் கல் பதித்தார்கள், மதில்களை இடித்தார்கள், வியாபாரிகளை அகற்றினார்கள், சிலருக்குப் புறக்கோட்டையில் 2014 இல் மிதக்கும் சந்தையில் இடம் கொடுத்தார்கள். நகரம் சுத்தமானது என்று பாராட்டு வந்தது. கல் பதித்த வேலையை நானும் பாராட்டுகிறேன். ஆனால் வெள்ளவத்தையில் ஒரு நூறு மீற்றர் நடந்து, உங்களை நடைபாதையிலிருந்து வீதிக்கு இறங்க வைப்பது எது என்று ஒவ்வொன்றாகக் கவனியுங்கள். கடை முன்னால் ஏற்றி நிறுத்திய கார். அதற்கு அடுத்து மோட்டார் சைக்கிள் வரிசை. கடைக்காரர் தன் வாசலுக்காகக் கட்டிய சரிவுமேடை. நடைபாதையின் நட்டநடுவில் மின்கம்பம், அதைத் தாங்கும் இழுகம்பி, தொலைபேசிப் பெட்டி. விளம்பரப் பலகையின் கால். உடைந்த வடிகால் மூடி. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் பரப்பிவைத்திருக்கும் அம்மா இவற்றுக்குப் பிறகுதான் வருவார், அவர் பிடிப்பதும் ஒரு சாக்கு விரிக்கும் இடம். காரை யாரும் ‘ஆக்கிரமிப்பு’ என்பதில்லை.

அதோடு, அந்த அம்மா இருப்பதால்தான் பலர் அந்த வழியால் நடக்கிறார்கள். வேலை முடிந்து வரும் பெண், பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்திலேயே இரவுக் கறிக்கு வாங்கிக்கொண்டு போகிறாள். மாலை இருட்டிய பின் ஒரு பெற்றோல் மாக்ஸ் வெளிச்சமோ ஒரு மின்குமிழோ அங்கே எரிகிறது, தெரிந்த முகம் ஒன்று இருக்கிறது. வெறிச்சோடிய நடைபாதையைவிட அந்த இடம் அவளுக்குப் பாதுகாப்பு. அகலமான வீதியில் வியாபாரிக்கு ஓரம் குறித்துக் கொடுத்து, நடக்க வழியும் விடலாம். அளந்து கோடு போடவேண்டும், அவ்வளவுதான்.

நடைபயிற்சிப் பாதைகளைக் காட்டுவோரும் உண்டு. சுதந்திர சதுக்கம், தியத்த உயன, பெத்தகான என்று நகரைச் சுற்றி நல்ல இடங்கள் உருவாகியிருக்கின்றன. போர்க்காலப் பதற்றத்துக்குப் பிறகு மக்கள் குடும்பமாக வந்து மூச்சுவிட இடம் கிடைத்தது நல்ல காரியம். ஆனால் அவை உடற்பயிற்சிக்கானவை. அங்கே போகப் பலருக்கு வாகனம் வேண்டும். சந்தைக்கும் பள்ளிக்கும் வேலைக்கும் போகும் நடைக்கு அவை பதிலாகாது.

இப்போது உயிர் பற்றிப் பேசவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021 இல் வீதி விபத்துகளில் இறந்தவர்கள் 11.9 லட்சம் பேர், அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் பாதசாரிகள். இலங்கையிலும் வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வீதியில் இறக்கிறார்கள், நடந்து சென்றவர்கள் அதில் பெரும் பங்கு. மணிக்கு 50 கிலோமீற்றரில் மோதும் காரைவிட 65 கிலோமீற்றரில் மோதும் கார் பாதசாரியைக் கொல்லும் வாய்ப்பு நாலரை மடங்கு. நெரிசலைத் தீர்ப்பதற்காக அகலமாக்கிய வீதி பகலில் சில மாதங்களில் மறுபடியும் நிரம்பிவிடுகிறது. இரவு பத்து மணிக்கு அதே அகலம் வேகத்துக்கு அழைப்பு விடுகிறது. நகருக்குள் சட்டப்படி கார் 50 இல் ஓடவேண்டும். வீதியின் வடிவம் 80 இல் ஓடு என்று சொன்னால் சாரதி வீதியின் சொல்லைத்தான் கேட்பார்.

என் பெரியம்மா யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு இருக்க வந்தவர். எழுபத்தாறு வயது. கிருலப்பனையிலிருந்து வெள்ளவத்தைக் கோயிலுக்குப் போக மூன்று கிலோமீற்றர்கூட இல்லை. ஊரில் அதைவிடத் தூரம் நடந்தவர். வந்த புதிதில் வெள்ளிக்கிழமைகளில் பாமன்கடை வரை நடந்து, அங்கிருந்து டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையால் இறங்கிப் போவார். ஒரு நாள் என்னிடம் சொன்னார்: “தம்பி, இங்கை நடக்கிறதெண்டால் நிலத்தையும் பாக்கவேணும், வாகனத்தையும் பாக்கவேணும். ரெண்டையும் ஒண்டாப் பாக்க எனக்குக் கண் போதாது.” அந்த வருடம் மழைக்காலத்தில் வடிகால் மூடியொன்று ஆடி, கால் இடறி விழுந்தார். இடுப்பு எலும்பு தப்பியது, மணிக்கட்டு முறிந்தது. எலும்பு பொருந்திவிட்டது. தனியே நடக்கும் துணிவு மட்டும் திரும்பவில்லை. இப்போது கோயிலுக்குப் போவதென்றால் யாராவது ஓட்டோ பிடித்துக் கொடுக்கவேண்டும். யாரும் இல்லாத வெள்ளிக்கிழமை வீட்டு யன்னலருகே இருப்பார். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் தனித்திருக்கும் எத்தனை தாய்மாருக்கு இதே கதை என்று அந்த ஒழுங்கைகளில் வசிப்பவர்களுக்குத் தெரியும். நடக்க முடியாத வீதி அவர்களை நாலாம் மாடியில் பூட்டிவைக்கிறது.

வீதி கடப்பதையும் சொல்லவேண்டும். வெள்ளைக் கோடாக மாறிய பிறகும் நாங்கள் ‘மஞ்சள் கோடு’ என்றுதான் சொல்கிறோம். சமிக்ஞை விளக்கின் பச்சை மனிதனுக்கு நேரம் குறிக்கும்போது, உலகின் பல நாடுகளில் நீண்டகாலம் எடுத்துக்கொண்ட நடைவேகம் செக்கனுக்கு 1.2 மீற்றர். 14 மீற்றர் அகல வீதியை அந்த வேகத்தில் கடக்க 12 செக்கன் போதும். என் பெரியம்மா வயதில் பலரால் செக்கனுக்கு 0.8 மீற்றருக்கு மேல் முடியாது. அவர்களுக்கு 17 செக்கனுக்கு மேல் வேண்டும். அந்த ஐந்து செக்கனும் அவர்கள் வாகனங்களுக்கு முன்னால் நிற்கும் நேரம். முதியவர் மெதுவாக நடந்ததால் விபத்து என்று எழுதுகிறோம். விளக்கு அவசரப்பட்டது என்று எழுதுவதில்லை.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா? இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பொது இடங்களை எல்லாரும் அணுகக்கூடியதாக்கும் ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன. கலாநிதி அஜித் பெரேரா தொடர்ந்து போராடி, 2011 இல் உயர் நீதிமன்றத்திடமிருந்து அவற்றை நடைமுறைப்படுத்தும் கட்டளையையும் பெற்றார். இந்தியாவில் கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன், விபத்தில் நொறுங்கி வந்தவர்களைத் தைத்துத் தைத்துச் சலித்து, 2012 இல் வீதிப் பாதுகாப்புக்காக வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில் 2025 மே மாதம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு மருத்துவர் சத்திரசிகிச்சை அறையில் கண்டதை நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளப் பதின்மூன்று வருடம் ஆனது.

தமிழர்களாகிய எங்களுக்கு இதில் இன்னொரு நினைவும் இருக்கிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெருவில் நடப்பது அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடப்பதாக இருந்த போர்க்காலம் அது. சோதனைச் சாவடிக்காக மாலை ஆறு மணிக்குள் வீடு திரும்பிய காலம். 2007 ஜூன் 7 அதிகாலை கொழும்பு விடுதிகளிலிருந்து 376 தமிழர்களை எழுப்பி பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் வேறு இடங்களுக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. தன் ஊர்த் தெருவில் யாரும் மறிக்காமல், காரணம் கேட்காமல் நடப்பது எவ்வளவு பெரிய பேறு என்பதை எங்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. நடையை வசதியில்லாதவரின் கட்டாயமென்று ஒதுக்கும்போது எனக்குக் கோபம் வருவது இதனாலும்தான். ஆடிவேலின்போது செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் தேர் பம்பலப்பிட்டிக்கு வரும். வாகனங்கள் ஒதுங்க, ஆயிரக்கணக்கானோர் வீதியின் நடுவால் வெறுங்காலோடு நடப்பார்கள். இந்த நகரம் நடப்பவருக்கு வழிவிடத் தெரியாத நகரம் இல்லை.

கடைசி வாதம், காசு. நடக்கத்தக்க நகரம் என்றால் ஐரோப்பியச் சதுக்கங்களையும் பளிங்குக் கல்லையும் நினைத்துக்கொள்கிறார்கள். தேவை அதுவில்லை. முதலில் வேண்டியது ஒரு அளவு நாடா, ஒரு குறிப்புப் புத்தகம், அந்த வழியில் தினமும் நடக்கும் நாலு பேர். நகரத் திட்டமிடலாளர் பேற்றிக் கெடிஸ் 1914–15 இல் மதுரை, தஞ்சாவூர், காஞ்சிபுரம் என்று சென்னை மாகாண ஊர்களின் தெருக்களில் நடந்து நடந்தே அறிக்கை எழுதினார். 1921 இல் கொழும்புக்கும் திட்டம் வரைந்தார். நோயை அறியாமல் கத்தியை எடுக்காதே என்பது அவருடைய பிடிவாதம். இன்றைக்கு அதற்குக் கருவிகளும் இருக்கின்றன. ஆசிய அபிவிருத்தி வங்கி 2011 இல் வெளியிட்ட ஆசிய நகரங்களின் நடைவசதி ஆய்வில் 13 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அதில் பயன்பட்ட அளவுகோல் ஒன்பது கேள்விகள்தான்: நடைபாதை இருக்கிறதா, வாகனம் அதில் ஏறுகிறதா, கடக்க இடம் உண்டா, கடப்பது பாதுகாப்பா, சாரதிகள் நிற்கிறார்களா, நிழலும் இருக்கையும் வெளிச்சமும் உண்டா, சக்கர நாற்காலி போகுமா, என்ன மறிக்கிறது, பயமின்றி நடக்கலாமா. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளால் செய்ய முடியும். ஆனால் அது நிபுணர்களின் ஆங்கில அறிக்கையாகவே நின்றுவிட்டது. தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு பக்கப் படிவமாக ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வந்திருக்கவேண்டியது.

சென்னையைப் பார்த்துக் கற்க ஒன்று இருக்கிறது. சென்னை மாநகராட்சி 2014 இல் இயந்திரமில்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்று, போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 வீதத்தை நடப்பவருக்கும் சைக்கிள் ஓட்டுபவருக்கும் ஒதுக்குவதென்று எழுதியது. எழுதியதெல்லாம் நடந்துவிடவில்லை, சென்னையில் நடந்தவர்களுக்கு அது தெரியும். ஆனாலும் நடைபாதைகள் ஒன்றன்பின் ஒன்றாக அகலமாயின, 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடப்போர் வளாகமாகத் திறந்தது, கடைக்காரர்களின் பயம் தெருவில் கூடிய கூட்டத்தின் முன் எடுபடவில்லை. இந்திய வீதிக் காங்கிரஸின் 2012 ஆம் ஆண்டு வழிகாட்டி, தடையில்லாத நடைவழி குறைந்தது 1.8 மீற்றர் வேண்டும், விளிம்பு 15 சென்ரிமீற்றருக்கு மேல் உயரக்கூடாது என்கிறது. நாடாவைப் பிடித்தால் தெரிந்துவிடும். கிருலப்பனையில் சில இடங்களில் விளிம்பு என் முழங்காலுக்குக் கிட்ட வருகிறது.

பொறுப்பு பிரிந்துகிடப்பதுதான் உண்மையான சிக்கல். பெருந்தெரு வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது, உள்வீதி மாநகர சபைக்குரியது, கம்பம் மின் விநியோக நிறுவனத்துக்குரியது, தோண்டுவது நீர் வழங்கல் சபை. ஒவ்வொருவரும் தம் வேலையை முடித்துவிட்டுப் போகிறார்கள், நடைபாதை யாருக்கும் சொந்தமில்லாமல் மிஞ்சுகிறது. அதனால்தான் அளவு வட்டாரத்திலிருந்து தொடங்கவேண்டும் என்கிறேன். எந்த மூடி, எந்தக் கம்பம், எந்த வளைவு என்று எண்ணோடும் படத்தோடும் எழுதிய காகிதத்தை நாலு அலுவலகத்துக்கும் ஒரே நாளில் கொடுத்தால், “யாரும் நடப்பதில்லை” என்ற பதிலைச் சொல்வது அவர்களுக்குக் கடினமாகும். 2025 மே மாதம் நாங்கள் தேர்ந்தெடுத்த மாநகர சபை உறுப்பினர்கள் வட்டாரங்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் மேம்பாலம் கேட்கவேண்டாம்.

கிருலப்பனைக் கால்வாய் பிரிந்து ஒரு கிளை வெள்ளவத்தையிலும் மற்றது தெஹிவளையிலும் கடலைச் சேர்கிறது. அந்தக் கரையில் நடைவழி உள்ள இடங்களையும் அறுந்துபோகும் இடங்களையும் வரைந்தால், சந்தையிலிருந்து கடல் வரை வாகனம் குறுக்கிடாத ஒரு வழி எங்கே எங்கே இணையவேண்டும் என்று தெரியவரும். அது பிறகு. முதலில் சந்தையிலிருந்து பாமன்கடைச் சந்தி வரை: எத்தனை மூடி ஆடுகிறது, எத்தனை இடத்தில் வீதிக்கு இறங்கவேண்டியிருக்கிறது, எந்தப் பக்கம் எந்த நேரம் நிழல், பச்சை விளக்கு எத்தனை செக்கன், ஒரு மணித்தியாலத்தில் எத்தனை பேர் நடக்கிறார்கள். சனிக்கிழமை காலை ஆறரைக்குச் சந்தையடியில் நாடாவோடு நிற்கிறேன். பெரியம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த மூடி எதுவென்று அவருக்குத்தான் தெரியும்.